நெய்வேலி முதல் அனல் மின் நிலையம்: 58 வருடக் கணக்கு

எங்கள் ரெட்டிபாளையம் பக்கம் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல், அதனால் சிமெண்ட் ஆலை. நெய்வேலிக்காரர்களுக்கு மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி, அதனால் மின்சாரம். அந்த மின்சாரம் முதலில் வந்த நிலையம் இப்போது இயங்கவில்லை. அதன் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அதுதான் ஆரம்பம். 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கைக்கு எட்டியது. சோவியத் யூனியன் உதவியோடு கட்டிய மின் நிலையத்தில் 1962-ல் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓட ஆரம்பித்தது. 1970-ல் ஆறு 50, மூன்று 100 என்று மொத்தம் 600 மெகாவாட். அத்தனையும் தமிழ்நாட்டுக்கே வந்தது.

இப்போது நம்ம காமர்ஸ் பாடத்துக்கு வருவோம் (தூங்காதீர்கள்!). அனல் மின் நிலையத்தின் ஆயுள் 25 வருடம் என்று வைத்துத்தான் மின்கட்டண விதிகளில் தேய்மானம் போடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் முதல் யூனிட் 1987-லேயே ஓய்வு பெற்றிருக்க வேண்டும். பெறவில்லை. 1990களில் ஆயுள் நீட்டிப்பு வேலை செய்து மேலும் ஓட்டினார்கள். காரணம் எளிது. இயந்திரத்தின் விலை எப்போதோ கழிக்கப்பட்டுவிட்டது, நிலக்கரி பக்கத்திலேயே கிடைக்கிறது, தமிழ்நாட்டில் கரண்ட் பற்றாக்குறை. யார்தான் மூடுவார்கள்?

ஆனால் புத்தகத்தில் ஏறாத செலவு ஒன்று உண்டு. நெய்வேலி நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எடை ஈரம். அதை ஆவியாக்கவே நிறைய வெப்பம் போய்விடும். பழைய சின்ன யூனிட்டுகளில் இன்னும் மோசம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிக நிலக்கரி, அதிக கரியமில வாயு.

கடைசியில் 2020 செப்டம்பரில் நிலையம் முழுவதுமாக மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்தது எது? 2019 டிசம்பரிலும் 2021-லும் இரண்டு 500 மெகாவாட் யூனிட்டுகள் கொண்ட புதிய அனல் மின் நிலையம். அதுவும் அதே பழுப்பு நிலக்கரிதான்! திறன் கூடியது உண்மை. ஆனால் எரிபொருள் மாறவில்லையே. பிரிட்டன் 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் நிலையத்தை நிறுத்தி, நிலக்கரி மின்சாரத்துக்கே முழுக்குப் போட்டது. 1882-ல் அதை ஆரம்பித்தவர்களே அவர்கள்தான்.

நெய்வேலி நிறுவனம் சூரிய மின்சாரத்தைத் தொடவே இல்லை என்று சொன்னால் அநியாயம். 1,000 மெகாவாட்டுக்கு மேல் அமைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி விருதுநகர், ராமநாதபுரம், திருநெல்வேலி என்று தெற்கே இருக்கிறது.

முழுவதையும் சூரியனுக்கு மாற்றினால் என்ன ஆகும்? நானே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 600 மெகாவாட் நிலையம் 70 சதவீதம் ஓடினால் சராசரி 420. சூரியத் தகடு இரவு மேகமெல்லாம் கழித்து 20 சதவீதம்தான் தரும். ஆக 2,100 மெகாவாட் தகடு வேண்டும். மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர் என்றால் 8,400 ஏக்கர். இரவுக்குச் சேமித்து வைக்கும் பேட்டரி தனி.

இந்த ஏக்கர் கணக்கு எங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி மின் திட்டம் என்று 1990களில் 13 கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கையகப்படுத்தினார்கள். இழப்பீடு போதாது என்று விவசாயிகள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். சுரங்கமும் வரவில்லை, மின் நிலையமும் வரவில்லை. 2020களின் தொடக்கத்தில்தான் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. அதனால் இனி சூரியத் தகடு போட இடம் தேடுகிறவர்கள் முந்திரித் தோப்பு பக்கம் வருவதற்கு முன்னால், நெய்வேலியில் ஏற்கெனவே தோண்டி மூடிய சுரங்க நிலத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கே மின்கம்பி இருக்கிறது, துணை மின் நிலையம் இருக்கிறது, வேலை தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள்.