தண்ணீருக்காக எழுந்த நகரம்

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தத் தண்ணீரை ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டால் என்ன ஆகும்? தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டின் கோச்சபம்பா நகர மக்கள் 2000-ஆம் ஆண்டில் இதை அனுபவித்தே அறிந்தார்கள். அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

கோச்சபம்பா மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. நகரக் குழாய் நீர் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. ஒதுக்குப்புறத்து ஏழைகள் கூட்டாகப் பணம் போட்டுக் கிணறு தோண்டினார்கள்; தாங்களே குழாய் பதித்தார்கள். சுற்றுப்புறக் குடியானவர்கள் பழைய வழக்கப்படி முறைவைத்து வாய்க்கால் நீரைப் பாய்ச்சி வந்தார்கள்.

தண்ணீர் விநியோகத்தைத் தனியாரிடம் விடும்படி உலக வங்கி பொலிவிய அரசாங்கத்தை வற்புறுத்தி வந்தது. ஏலத்துக்கு வந்ததோ ஒரே ஒரு கூட்டு நிறுவனம். அமெரிக்காவின் பெக்டெல் கம்பெனிக்கு அதில் முக்கிய பங்கு. 1999 செப்டம்பரில் 40 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. நிறுவனத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 16 விழுக்காடு லாபம் உறுதி செய்யப்பட்டது. மிசிகூனி அணைத் திட்டத்தின் செலவும் கட்டணத்தோடு சேர்ந்தது. அதே ஆண்டு வந்த புதிய சட்டத்தால், மக்கள் தோண்டிய கிணறுகளுக்கும் ஆபத்து வந்தது.

2000 ஜனவரியில் புதிய பில் வந்தது. சிலருக்குக் கட்டணம் இரண்டு மடங்கையும் தாண்டியது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 70 டாலரைக்கூட எட்டாத நாடு அது. ஏழைகள் எப்படிக் கட்டுவார்கள்?

ஆலைத் தொழிலாளர், குடியானவர், ஆசிரியர், மாணவர் எல்லாரும் ஒரே கூட்டணியாகத் திரண்டார்கள். காலணித் தொழிற்சாலைத் தொழிலாளியும் தொழிற்சங்கத் தலைவருமான ஆஸ்கார் ஒலிவேரா அதன் முன்னணியில் நின்றார். மக்கள் பில்களைச் சதுக்கத்தில் கொளுத்தினார்கள். மார்ச் மாதத்தில் கூட்டணியே ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 50,000 பேர் வாக்களித்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒப்பந்தம் வேண்டாம் என்றார்கள்.

அரசாங்கம் செவிசாய்க்கவில்லை. ஏப்ரலில் சாலைகள் மறிக்கப்பட்டன; நகரம் அடைபட்டது. ஏப்ரல் 8-ஆம் தேதி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அன்று 17 வயது மாணவன் ஒருவன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானான். மக்கள் கலைந்து போகவில்லை. ஏப்ரல் 10-ஆம் தேதி அரசாங்கம் பணிந்தது. கம்பெனி வெளியேறியது, சட்டமும் திருத்தப்பட்டது.

கம்பெனி பின்னர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது. பல நாடுகளில் கண்டனம் எழுந்தபின், 2006 ஜனவரியில் அதைக் கைவிட்டது. 2010 ஜூலையில், சுத்தமான குடிநீர் மனித உரிமை என்ற தீர்மானத்தைப் பொலிவியா ஐ.நா. பொதுச் சபையில் கொண்டுவந்தது. 122 நாடுகள் ஆதரித்தன.

இத்தோடு கதை முடிந்ததா? இல்லை. தண்ணீர் மீண்டும் பொது நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஆனால் அதன் நிர்வாகம் சீர்ப்படவில்லை. நகரின் தென்பகுதி ஏழைகள் அதன்பின்னும் பல ஆண்டுகள் லாரித் தண்ணீரைக் காசு கொடுத்தே வாங்கினார்கள். கம்பெனியைத் துரத்தச் சில மாதங்கள் போதுமாயிருந்தன. குழாய் பதிக்கவோ ஆண்டுக்கணக்கில் உழைப்பும் கண்காணிப்பும் தேவைப்பட்டன.

லயத்துப் பொதுக்குழாயில் வாளியோடு காத்து நின்ற குடும்பங்கள் நாம். சங்கத்தின் அருமையும் நமக்குத் தெரியும். உரிமையைக் கேட்டுப் பெறக் கூடுகிறோம். பெற்றபின் கணக்குக் கேட்கவும் கூட வேண்டும். கோச்சபம்பா நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.