கதிரின் கணக்கு

விஞ்ஞானத்தின் வெற்றிகளைப் போற்றும் நாம், அவ்வெற்றிகளுக்குத் தம் உடலையே விலையாகக் கொடுத்தோரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

1895இல் ஜெர்மனியில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். காப்புரிமை பெறாது உலகுக்கு வழங்கினார். பத்தாண்டு கழியுமுன்னரே, 1904இல், அமெரிக்காவில் எடிசனிடம் பணிபுரிந்த கண்ணாடித் தொழிலாளி கிளாரன்ஸ் டாலி, அக்கதிரால் இரு கைகளையும் இழந்து புற்றுநோயால் மாண்டார். இத்தகைய மரணங்கள் பெருகிய பின்னரே, 1928இல் ஸ்ரொக்ஹோமிற் கதிர்ப் பாதுகாப்புக்கெனச் சர்வதேசக் குழு அமைந்தது. தொழில்புரிவோர்க்கு விதிகள் பிறந்தன.

நோயாளிக்கோ? 1956இல் ஒக்ஸ்போர்ட்டில் அலிஸ் ஸ்ருவேட், பிள்ளைகளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தாய்மாரை விசாரித்து, கருவுற்றிருந்தபோது எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்துக்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டு என்றார். மருத்துவ உலகம் அதனை ஏற்க நெடுங்காலம் சென்றது.

1971 ஒக்டோபர் 1ஆம் நாள், லண்டன் விம்பிள்டனில், ஹவுன்ஸ்பீல்டின் சி.ரி. ஸ்கான் கருவி மண்டையைத் திறவாமலே ஒரு பெண்ணின் மூளையைக் காட்டியது. அரும்பெரும் சாதனைதான். ஆயினும், சாதாரண மார்புப் படத்தினும் மார்பு ஸ்கான் பல பத்து மடங்கு கதிரை உடலிற் செலுத்தவல்லது. பழைய படச்சுருளிற் கதிர் மிகுந்தால் படம் கறுத்துவிடும். பிழை கண்ணுக்குத் தெரியும். கணினிப் படமோ கதிர் மிகுந்தால் இன்னும் தெளிவாகவே தோன்றும். தவறு அழகினுள் மறைந்துகொள்கிறது!

வளர்ந்தோர்க்கு வகுத்த அளவிலேயே குழந்தைகளும் ஸ்கான் செய்யப்பட்டதை 2001இல் அமெரிக்க ஆய்வுகள் அம்பலப்படுத்தின. பரிகாரத்துக்குப் புதுக்கருவி வேண்டியிருக்கவில்லை. சிற்றுடலுக்கேற்ப மின்னோட்டத்தைக் குறைத்தாலே போதும். பின்னர் அதனைத் தானே சரிசெய்யும் கருவிகளும், குறைந்த கதிரிலும் தெளிந்த படம் தரும் கணிப்புமுறைகளும் வந்தன.

எனினும் கருவி மனிதனின் பொறுப்பை ஏற்பதில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் வைத்தியசாலை ஒன்றில் 206 நோயாளர், பதினெட்டு மாதங்களாக, உரிய அளவின் ஏறத்தாழ எட்டு மடங்கு கதிரைப் பெற்றமை 2009இல் வெளிப்பட்டது. முடி உதிர்ந்த பின்னரே உண்மை தெரிந்தது. மறு ஆண்டு, ஒவ்வொரு சி.ரி. ஸ்கானின் கதிரளவையும் பதிவுசெய்யக் கலிபோர்னியா சட்டம் இயற்றியது.

கருவியைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. வேண்டிய ஸ்கான் உயிர்காக்கும். அதை அஞ்சி மறுப்பது பேதைமை. ஆனால், இது அவசியந்தானா, அளவு என் பிள்ளையின் உடலுக்கு ஏற்றதா என்னும் இரு கேள்விகளைக் கேட்கப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. அன்று தாய்மாரின் வாய்மொழியே உண்மையை வெளிக்கொணர்ந்தது. இன்றும் அவர்கள் கேட்கட்டும்; பதில் சொல்லக் கடமைப்பட்டது மருத்துவமேயன்றோ!