வாத்து முட்டையை வீட்டில் பொரிக்க வைப்பது எப்படி? நோஞ்சான் குஞ்சைக் காப்பாற்ற முடியுமா?

கோழிக் குஞ்சு வெளிவர 21 நாள், வாத்துக்கு 28 நாள் ஆகும். மலேசியாவில் 'இத்தேக் செராத்தி' என்று சொல்லப்படும் மஸ்கோவி வாத்துக்கோ சுமார் 35 நாள் பிடிக்கும்.

முன்பெல்லாம் அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் நாலைந்து வாத்து முட்டையை வைத்துவிட்டால் போதும், மற்றதைக் கோழி பார்த்துக்கொள்ளும். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளில் அந்த வேலையை இன்குபேட்டர் பெட்டி செய்கிறது. வெப்பத்தையும் ஈரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டியவர் இப்போது நாம்தான்.

எந்த முட்டை பொரியும்?

ஆண் வாத்தோடு சேர்ந்து வளரும் பெட்டை இட்ட முட்டைதான் பொரியும். உப்பு முட்டை போடுவதற்காகச் சந்தையில் வாங்கும் முட்டை பெரும்பாலும் கருவில்லாதது.

முட்டையை இட்ட 7 நாளுக்குள் அடை வைப்பது நல்லது. அதுவரை 15 முதல் 18 டிகிரி செல்சியஸில், கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கணும். நம்ம ஊர் அறை வெப்பத்தில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். சாதாரண குளிர்சாதனப் பெட்டியின் குளிரும் அதற்கு ஆகாது.

வெப்பம் எவ்வளவு?

காற்றாடி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. காற்றாடி இல்லாவிட்டால், முட்டையின் மேல்மட்டத்தில் சுமார் 38.3 டிகிரி. சற்றுக் குளிர்ந்தால் கரு தாங்கும், சூடு ஏறினால் தாங்காது. அதனால் பெட்டியை வெயில் படும் ஜன்னலோரம் வைக்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு 3 அல்லது 5 முறை முட்டையைத் திருப்பணும். 25-ஆம் நாளோடு நிறுத்திவிடலாம். மஸ்கோவி என்றால் 31, 32-ஆம் நாள் வரை திருப்பணும்.

7-ஆம் நாள் இருட்டறையில் கைப்பேசி விளக்கை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போல ரத்த நாளம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் அது கூமுட்டை, எடுத்துவிடுங்கள். அழுகி உள்ளே வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும்.

'நம்ம ஊரே ஈரம்தானே, தண்ணி ஊத்தணுமா?'

பலரும் தடுமாறும் இடம் இது. முதல் 25 நாளுக்கு ஈரப்பதம் சுமார் 55 விழுக்காடும், கடைசி 3 நாளுக்கு 65 முதல் 75 விழுக்காடும் வேண்டும்.

வெளியே 28 டிகிரியில் 80 விழுக்காடு ஈரம் உள்ள காற்று, பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 47 விழுக்காடாக இறங்கிவிடும். ஆகவே சன்னல் திறந்த வீட்டில் கொஞ்சம் தண்ணீர் போதும். அதே பெட்டி ஏர்கோன் அறையில் இருந்தால் 25 விழுக்காடு அளவுக்குக் காய்ந்துபோகலாம், அங்கே கூடுதல் தண்ணீர் தேவை.

சரிபார்க்க சமையலறைத் தராசே போதும். 25-ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 12 முதல் 14 விழுக்காடு இழக்கணும். 70 கிராம் முட்டை என்றால் சுமார் 9 கிராம். குறைவாக இழந்தால் உள்ளே காற்றறை சிறுத்து, குஞ்சு மூச்சுவிட இடமிருக்காது.

இடி மழையில் மின்சாரம் போனால் பெட்டியைத் திறக்காமல் தடித்த துண்டால் மூடுங்கள். காற்றுத் துளையை மட்டும் அடைக்க வேண்டாம்.

'ஓடு உடைஞ்சிருச்சு, குஞ்சு வரலையே?'

அவசரப்படாதீங்க. முதல் கீறல் விழுந்த பிறகு வாத்துக் குஞ்சு வெளிவர 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில்தான் சவ்விலுள்ள ரத்தமும் மிச்ச மஞ்சள் கருவும் குஞ்சின் உடலுக்குள் போகின்றன. பாவம் பார்த்து முன்கூட்டியே உரித்தால் ரத்தம் கசிந்தே குஞ்சு செத்துவிடும்.

24 மணி நேரம் தாண்டியும் நகர்வே இல்லை, சவ்வு காய்ந்து பழுப்பாகிவிட்டது என்றால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி, காற்றறைப் பக்கமிருந்து ஓட்டைச் சிறிது சிறிதாக எடுக்கலாம். ஒரு துளி ரத்தம் தெரிந்தாலும் நிறுத்திவிட்டு, ஈரத்தைக் கூட்டிக் காத்திருக்கணும்.

நோஞ்சான் குஞ்சுக்கு என்ன செய்வது?

முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் தீனி. குளிர்ந்த குஞ்சுக்கு இரை செரிக்காது. உள்ளே போன மஞ்சள் கரு ஒரு நாளுக்கு மேல் தாங்கும் என்பதால் உடனே ஊட்ட வேண்டியதில்லை.

• உடல் காயும்வரை பெட்டியிலேயே விடுங்கள். பிறகு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம்.

• துவண்டு கிடந்தால், சிறிது சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரில் அலகின் நுனியைத் தொட்டு எடுங்கள். வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

• கால் இரண்டும் அகன்று போனால், மென்மையான ஒட்டுத்துணியால் இயல்பான இடைவெளியில் சில நாள் இணைத்து வைக்கலாம். நாளிதழ் விரித்த தரை வழுக்கும், சொரசொரப்பான துணி நல்லது.

• தொப்புள் ஆறாமல் இருந்தால் போவிடோன் அயோடின் தொட்டு வைத்து, மற்ற குஞ்சுகள் கொத்தாமல் பிரித்து வையுங்கள்.

கோழித் தீனியே போதுமா?

வாத்துக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீனியில் சுமார் 55 மில்லிகிராம் நியாசின் வேண்டும். கோழிக் குஞ்சுக்கு அதைவிடக் குறைவே போதும். இது குறைந்தால் கால் வளைந்து, நடக்க முடியாமல் போகும். புரூவர்ஸ் ஈஸ்ட்டைத் தீனியில் கலந்து ஈடுகட்டலாம். சோறு மட்டும் போட்டு வளர்ப்பது ஆபத்து. பூஞ்சணம் பிடித்த சோளமும் கடலைப் புண்ணாக்கும் அதைவிட ஆபத்து, அவற்றில் உருவாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சை வாத்துக் குஞ்சு கொஞ்சமும் தாங்காது.

குடிநீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள். தாயின் இறகெண்ணெய் படாத இன்குபேட்டர் குஞ்சு நனைந்தால் குளிரில் விறைத்துவிடும்.

பறவைக் காய்ச்சல் பயம் ஏன்?

எச்5என்1 கிருமி 2004-இல் கிளந்தானிலும், 2006-இல் கோம்பாக்கிலும், 2007-இல் சுங்கை பூலோ அருகே பாயா ஜாராஸிலும் கம்பத்துக் கோழிகளைத் தாக்கியது. சுற்றுவட்டாரப் பறவைகள் அழிக்கப்பட்டன. வாத்து நோய் அறிகுறி காட்டாமலேயே அக்கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதுதான் சிக்கல். பறவைகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தால் தொடாமல், கால்நடை மருத்துவச் சேவைத் துறைக்குத் தெரிவிக்கணும்.

நலமாகத் தெரியும் குஞ்சிடமும் சால்மோனெல்லா இருக்கலாம். பிள்ளைகள் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவணும், முத்தமிடக் கூடாது.

அடை வைக்கும் முன்பே ஊராட்சி மன்றத்தின் விதியையும், அடுக்குமாடி என்றால் நிர்வாகத்தின் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். பொரித்த குஞ்சுகள் சில மாதத்தில் சத்தம் போடும் பெரிய வாத்துகளாகிவிடும். அவற்றுக்கு இடம் இருக்கிறதா என்பதை முட்டை வாங்கும் முன் யோசித்துக்கொள்வது நல்லது.