குழந்தையின் வீட்டுக்குச் செல்லும் செவிலி: ஒரு பதவியின் வரலாறு

சங்க அகப்பாடல்களில் வரும் செவிலி, தலைவியைப் பெற்றவள் அல்லள், வளர்த்தவள். தலைவி மணந்து சென்றபின் அவள் இல்லறம் நடத்தும் மனைக்குச் சென்று, கண்டதை நற்றாயிடம் வந்து உரைப்பவளும் அவளே. இச்சொல் நவீனத் தமிழில் ‘நர்ஸ்’ என்பதற்கு நிகராக வழங்கத் தொடங்கியபோது, மருத்துவமனைப் படுக்கையருகே நிற்பவரையே முதன்மையாகக் குறித்தது. ஆயினும் பழைய பொருளுக்கு இன்று மிக அருகில் இருப்பவர், துணை சுகாதார நிலையத்திலிருந்து புறப்பட்டு வீடு வீடாகச் சென்று பச்சிளங்குழந்தைகளைக் காணும் செவிலியர்தாம். கடந்த நூறாண்டுகளில் இந்தியாவில் அவருடைய கடமைகள் தொடர்ந்து பெருகின. அவர் கண்டதை உரைக்கும் இடமும், அந்த இடத்துக்கு அவரே உயரும் வழியும் அதே அளவில் பெருகவில்லை.

இந்த வரலாற்றின் தொடக்கம் மருத்துவச்சிகளைப் பற்றிய காலனிய அரசின் கவலையில் இருக்கிறது. 1885-இல் அமைந்த டஃபரின் நிதி, பெண் மருத்துவர்களையும் பெண்களுக்கான மருத்துவமனைகளையும் முன்னிறுத்தியது. 1903-இல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி, ‘தாய்’ எனப்பட்ட பரம்பரை மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியளிக்க முனைந்தது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை யார் மேற்பார்வையிடுவது, பிறந்த குழந்தையை யார் தொடர்ந்து காண்பது என்ற கேள்விகள் எழுந்தன. அவற்றுக்கு விடையாக இங்கிலாந்தின் முன்மாதிரியில் ‘ஹெல்த் விசிட்டர்’ என்ற பதவி உருவானது. இப்பணிக்குரியவர்களைப் பயிற்றுவிக்க 1918-இல் டெல்லியில் தோன்றிய பள்ளியே லேடி ரீடிங் சுகாதாரப் பள்ளி எனப் பெயர் பெற்றது.

ஆனால் இந்த ஏற்பாட்டின் அளவு மிகச் சிறியது. 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை அளித்த போர் குழு, பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் ஏறத்தாழ 750 ஹெல்த் விசிட்டர்களே இருந்ததாகக் கணக்கிட்டது. அதாவது 4 லட்சம் மக்களுக்கு ஒருவர். செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர். 43,000 பேருக்கு ஒருவர். அதே அறிக்கை தரும் மற்றோர் எண்ணையும் இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும்: 1937-இல், உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 162 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தன. நாட்டின் மொத்த மரணங்களில் ஏறத்தாழ பாதி, 10 வயதுக்குட்பட்டோருடையது. மரணம் பெரும்பாலும் வீட்டில் நிகழ்ந்தது. அந்த வீட்டுக்குச் செல்லப் பயிற்சி பெற்றவர் அநேகமாக எவரும் இல்லை.

விடுதலைக்குப் பின் இந்த இடைவெளியை விரைவாக நிரப்ப ‘ஆக்ஸிலரி நர்ஸ் மிட்வைஃப்’, அதாவது ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் பிரிவு உருவாக்கப்பட்டது. 1951-இல் பஞ்சாபில் தரன் தாரனிலுள்ள செயின்ட் மேரி மருத்துவமனையில் 2 ஆண்டுப் படிப்பாக இது தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பரவியபோது, அவற்றின் கீழிருந்த துணை நிலையங்களில் பணியமர்ந்தவர்கள் இவர்களே.

இப்பெயரின் முதற்சொல் கவனத்துக்குரியது. ‘துணை’ என்ற அடைமொழி பணியின் தன்மையைக் குறிக்கவில்லை. கிராமத்தில் அவர் தனித்தே பணிபுரிந்தார், அவர் துணைபுரிவதற்கென முழுத்தகுதி பெற்ற வேறொரு செவிலியர் அங்கு இல்லை. அந்த அடைமொழி குறித்தது தகுதிப்படிநிலையை மட்டுமே. அதன் விளைவு நீண்டது. இருபது ஆண்டுகள் குழந்தைகளைப் பேணிய அனுபவமும் துணைச் செவிலியரை முழுச் செவிலியராக்கவில்லை. அதற்கு அவர் மற்றொரு படிப்பைத் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

அடுத்த திருப்பம் 1973-இல் வந்த கர்தார் சிங் குழுவின் அறிக்கை. மலேரியா, பெரியம்மை, குடும்பநலம் எனத் தனித்தனிப் பணியாளர்கள் ஒரே வீட்டின் கதவைத் தட்டிய நிலையை மாற்றிப் ‘பல்நோக்குப் பணியாளர்’ முறையை அக்குழு முன்மொழிந்தது. நோக்கம் நியாயமானது: ஒரு குடும்பம் முழுமைக்கும் பொறுப்பான ஒருவர் இருப்பது சிதறிய சேவையை விடச் சிறந்தது. ஆனால் இம்மாற்றத்தில் துணைச் செவிலியர் ‘பெண் சுகாதாரப் பணியாளர்’ ஆனார்; அவருக்கு மேலிருந்தவர் ‘பெண் சுகாதார மேற்பார்வையாளர்’ ஆனார். செவிலியம் என்பது பெயரிலிருந்தே நீங்கியது. 1977-இல் இந்தியச் செவிலியர் மன்றம் பாடத்திட்டத்தை மாற்றியமைத்தபோது 24 மாதப் பயிற்சி 18 மாதங்களாகச் சுருங்கியது. கடமைகள் விரிந்த அதே பத்தாண்டில் அவற்றுக்கான கல்வி குறைந்தது. பயிற்சிக்காலம் மீண்டும் 2 ஆண்டுகளாக மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையில் குடும்பக்கட்டுப்பாட்டு இலக்குகள் அவருடைய நேரத்தை விழுங்கின. குழந்தையின் எடை குறைவதைக் கண்டறிந்தவர் என்பதற்காக அன்று, அறுவைச் சிகிச்சைக்கு எத்தனை பேரை அழைத்துவந்தார் என்பதற்காகவே அவர் மதிப்பிடப்பட்டார். 1985-இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் நாடெங்கும் அவர் கைகளின் வழியே நடந்தது. ஆயினும் இலக்கு முறை கைவிடப்பட 1996 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தகைய முடிவுகள் எடுக்கப்பட்ட அவைகளில், துணை நிலையத்தில் பணியாற்றி உயர்ந்த ஒருவர் இருப்பதற்கான வழி பணியமைப்பிலேயே இல்லை. தலைமை என்ற கேள்வி தனிமனிதத் திறமையைப் பற்றியது மட்டுமன்று என்பதை இந்தக் காலகட்டம் தெளிவாகக் காட்டுகிறது.

இந்தக் குறையை நேரடியாக எதிர்கொண்டது, 1987-இல் அமைந்து, பின்னர் சரோஜினி வரதப்பன் தலைமையில் இயங்கிய செவிலியத் தொழிலுக்கான உயர்நிலைக் குழு. சென்னையைச் சேர்ந்த இந்தச் சமூகப்பணியாளர், முன்னாள் முதலமைச்சர் பக்தவத்சலத்தின் மகள். 1989-இல் வெளியான அறிக்கை, 2,500 பேருக்கு ஒரு துணைச் செவிலியர் என்ற அளவோடு நிற்காமல், மேற்பார்வையாளர், பொதுச் சுகாதாரச் செவிலியர், மாவட்ட அளவிலான செவிலிய அலுவலர் என மேல்நோக்கிய படிகளையும் வரைந்தது. மாநிலங்களில் செவிலியத்துக்கெனத் தனி இயக்ககம் வேண்டும் என்றது. அறிக்கையின் பெரும்பகுதி தாளிலேயே நின்றது.

பின்வந்த சீர்திருத்தங்கள் ஏணியைக் கட்டுவதற்கு மாறாக, அவருக்குக் கீழும் மேலும் புதிய பணிகளைச் சேர்த்தன. 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஆஷா பணியாளரைக் கொண்டுவந்தது. 2011-இல் பச்சிளங்குழந்தைக்கான இல்லப் பராமரிப்புத் திட்டம் அறிமுகமானபோது, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3-ஆம் நாள் தொடங்கி 42-ஆம் நாள் வரை ஆறு முறை வீட்டில் காணும் பொறுப்பு ஆஷாவிடம் சென்றது. முழுச் சுற்றுக்கும் 250 ரூபாய் ஊக்கத்தொகை. 2018-இல் தொடங்கிய நல்வாழ்வு மையங்களில், பட்டயமோ பட்டமோ பெற்ற செவிலியர் உள்ளிட்டோர் ஆறுமாத இணைப்புப் பயிற்சி பெற்றுச் சமுதாய சுகாதார அலுவலராக வந்தனர். பல ஆண்டுகளாக அந்த ஊரின் குழந்தைகளைப் பெயர் சொல்லி அறிந்திருந்த துணைச் செவிலியருக்கு, அந்த நாற்காலிக்கான கதவு அனுபவத்தின் வழியே திறக்கவில்லை.

வேறு வழி இருக்கவே முடியாது என்பதும் உண்மையன்று. தமிழ்நாட்டில் இப்பதவி ‘கிராம சுகாதார செவிலியர்’ என்றே வழங்குகிறது. செவிலியர் என்ற சொல் இங்கே உதிரவில்லை. அவருக்கு மேல் பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர், மாவட்ட தாய்சேய் நல அலுவலர் எனப் படிகள் உள்ளன. மேற்படிகளில் இடங்கள் சிலவே. பெரும்பாலோர் ஓய்வு பெறும்வரை அவற்றை எட்டுவதில்லை. எனினும் மாவட்டக் கூட்டத்தில் குழந்தை இறப்பைப் பற்றிப் பேசுபவர், ஒருகாலத்தில் எடைக்கருவியைத் தோளில் சுமந்து தெருக்களில் நடந்தவராக இருக்க இயலும் என்ற நிலையை இந்த அமைப்பு உருவாக்கியிருக்கிறது.

1947-ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசியச் செவிலிய, பேறுகாலச் சேவை ஆணையச் சட்டம் வந்துள்ளது. கல்வித்தரத்தையும் பதிவையும் அது ஒழுங்குபடுத்தும். பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலுக்குரியது. பதவிகளை உருவாக்குவதும் பதவி உயர்வை வரையறுப்பதும் மாநிலங்களின் பணிவிதிகளே. ஆகவே குழந்தையின் வீட்டை அறிந்தவர் தலைமைக்கு வருவாரா என்ற கேள்விக்கு விடை, புதிய பாடத்திட்டத்தில் மட்டும் கிடைக்காது. ஒவ்வொரு மாநிலத்தின் பணிவிதிப் புத்தகத்திலும், துணைச் செவிலியரின் பெயருக்கு அடுத்த வரியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் அது இருக்கிறது.