பிள்ளையைப் பார்க்கப் போன இடத்தில் அடைக்கலம் கேட்கலாமா? பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

சேத்தியாத்தோப்பு, லால்பேட்டை, நெய்வேலி வட்டாரத்தில் இன்று வெளிநாடு என்றால் வளைகுடாவும் சிங்கப்பூரும் மட்டுமல்ல. கனடா, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனி என்று பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். நகையை அடகு வைத்து, வங்கியில் கல்விக் கடன் வாங்கி அனுப்பிய அத்தாவும் அம்மாவும், பட்டமளிப்பு விழாவுக்கோ மகளின் பிரசவத்துக்கோ விசிட் விசாவில் போய்வருகிறார்கள்.

அப்படிப் போன இடத்தில்தான் அந்தப் பேச்சு வரும். ஜும்ஆ முடிந்து நிற்கும்போதோ, தெரிந்தவர் வீட்டு விருந்திலோ ஒருவர் சொல்வார்: "ஏன் திரும்பிப் போறீங்க? அசைலம் போட்டுடுங்க. கேஸ் முடிய வருஷக்கணக்கா ஆகும், அதுவரைக்கும் வேலை பார்க்கலாம்." கேட்க எளிதாக இருக்கும். திரும்பிப் போகும் டிக்கெட்டின் தேதி நெருங்கும்போது மனம் ஆடும்.

அடைக்கலம் என்பது விசா நீட்டிப்பு அல்ல. பெரும்பாலும் திரும்பி வர முடியாத ஒரு வழி அது. உண்மையிலேயே உயிருக்கு அஞ்சுபவருக்கு அது உரிமை. மற்றவருக்கு அது தன்னையும் பிள்ளையையும் சிக்கவைக்கும் கண்ணி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஊரிலேயே தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

அடைக்கலம் என்றால் என்ன?

1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையும் அதை விரிவாக்கிய 1967ஆம் ஆண்டின் நெறிமுறையும்தான் இன்றைய அடைக்கலச் சட்டங்களின் அடித்தளம். அதன்படி இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். தன் நாட்டு அரசு பாதுகாக்க முடியாத, அல்லது பாதுகாக்க மறுக்கும் நிலையும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரை ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது உடன்படிக்கையின் 33ஆவது பிரிவு.

இந்தியா இந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. நம் பிள்ளைகள் படிக்கப் போகும் மேற்கத்திய நாடுகள் இதை ஏற்றவை. விசிட் விசாவில் உள்ளே வந்தவரும் அங்கே மனு செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மனு செய்ய முடியும் என்பதும் அது ஏற்கப்படும் என்பதும் வேறு வேறு.

எவை காரணம் ஆகா?

வேலையின்மை, கடன், மருத்துவச் செலவு, பிள்ளையைப் பிரிந்திருக்க முடியாத ஏக்கம் ஆகியவை மனிதத் துயரங்கள்தான். ஆனால் அகதி அந்தஸ்துக்கு இவை அடிப்படை ஆகா.

நம் பகுதிக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டு. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், என்.எல்.சி. சுரங்கத்துக்கான கால்வாய்ப் பணிக்காக, விளைந்துகொண்டிருந்த நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்தோம். நிலம் போனவரின் வேதனை உண்மை. ஆனால் அது இழப்பீடு, மாற்று வேலை, நீதிமன்றம் என்ற வழியில் போக வேண்டிய வழக்கு. ஐந்து காரணங்களில் ஒன்றோடு அதற்குத் தொடர்பு இல்லாதவரை, எந்த நாட்டின் அதிகாரியும் அதை அடைக்கல மனுவாக ஏற்கமாட்டார்.

"நாங்கள் முஸ்லிம்கள், இந்தியாவில் பாதுகாப்பில்லை" என்று பொதுவாகச் சொல்வதும் போதாது. அதிகாரி கேட்பது: உங்களுக்கு, உங்கள் குடும்பத்துக்கு என்ன நடந்தது? காவல்துறையில் புகார் கொடுத்தீர்களா? வேறு மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ போய் நிம்மதியாக வாழ முடியாதா? இந்த மூன்றாவது கேள்வியில்தான் இந்தியர்களின் மனுக்கள் பல தடுமாறுகின்றன. நாடு பெரியது. ஓர் ஊரில் ஆபத்து என்றால் இன்னோர் ஊரில் வாழலாமே என்பார்கள். அதற்குப் பதில் உங்கள் ஆவணங்களில் இருக்க வேண்டும்.

அதே சமயம், தனிப்பட்ட முறையில் குறிவைக்கப்பட்ட பத்திரிகையாளர், செயற்பாட்டாளர், கொலை மிரட்டலுக்கு ஆளான கலப்பு மணத் தம்பதியர், குடும்ப வன்முறையிலிருந்து காவல்துறையும் காப்பாற்றாத பெண் போன்றோரின் மனுக்கள் வலுவானவையாக இருக்கலாம்.

அச்சம் மட்டும் போதுமா?

இந்தக் கேள்விக்கு விடை தந்த வழக்கே தமிழர்களுடையது. 1987இல் இலங்கையிலிருந்து பிரிட்டன் போய் அடைக்கலம் கேட்ட 6 தமிழர்களின் மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. மனுதாரரின் மனதில் உண்மையான அச்சம் இருந்தால் போதும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. அச்சம் மனதில் இருந்தால் மட்டும் போதாது, துன்புறுத்தல் நடப்பதற்கான நியாயமான வாய்ப்பு வெளிச் சூழலிலும் இருக்க வேண்டும் என்றது. சிவகுமாரன் வழக்கு என்று இன்றும் பல நாடுகளில் இது எடுத்துக்காட்டப்படுகிறது.

அதன் பிறகு நடந்ததும் அறிய வேண்டியது. அவர்களில் 5 பேர் 1988 பிப்ரவரியில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்தபடியே மேல்முறையீடு செய்து, 1989இல் வென்று, மீண்டும் பிரிட்டன் வந்தார்கள். உண்மையான வழக்கு உள்ளவருக்கும் பாதை இவ்வளவு கரடுமுரடானது.

போன இடத்தில் அகதியானவர்கள்

ஊரை விட்டுக் கிளம்பும்போது எந்த ஆபத்தும் இல்லை, போன பிறகு ஊரில் நிலைமை மாறிவிட்டது என்றால்? அதையும் சட்டம் ஏற்கிறது. 1983 ஜூலை கலவரத்தின்போது லண்டனில் படித்துக்கொண்டிருந்த இலங்கைத் தமிழ் மாணவர்களும், 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான்கள் வசமானபோது இந்தியாவில் படித்துக்கொண்டிருந்த ஆப்கான் மாணவர்களும் இந்த நிலைக்கு ஆளானவர்கள். இப்படி நேர்ந்தால், மாறிய சூழலைத் தேதியோடு காட்ட வேண்டும். தாமதிக்காமல் மனு செய்ய வேண்டும்.

யாருடைய மனுவில் யார் சேரலாம்?

பல குடும்பங்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அமெரிக்காவில் பெற்றோர் மனு செய்தால் கணவன் அல்லது மனைவியையும், 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளையும் சேர்க்கலாம். முதுகலை படிக்கும் 23 வயது மகன் அதில் வரமாட்டான். மறுபக்கம், மகன் அடைக்கலம் பெற்றாலும் அதில் பெற்றோரைச் சேர்க்க முடியாது. ஆளுக்கு ஆள் தனி வழக்கு, தனி நிரூபணம்.

பிள்ளையின் நிலையையும் யோசியுங்கள். மாணவர் விசா என்பது படிப்பு முடிந்ததும் திரும்புவேன் என்ற அடிப்படையில் தரப்படுவது. பெற்றோர் அடைக்கலம் கேட்டதால் அந்த விசா தானாக ரத்தாகாது. ஆனால் பின்னர் விசா புதுப்பிக்கும்போது குடும்ப விவரங்கள் கேட்கப்படலாம். வீட்டு வாடகை, வழக்கறிஞர் கட்டணம், மருத்துவம் எல்லாம் படித்துக்கொண்டே பகுதி நேரம் வேலை பார்க்கும் அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும்.

நாடுவாரியாக முக்கிய விதிகள்

அமெரிக்கா: பி-2 விசாவில் வருபவருக்குப் பொதுவாக 6 மாதம் தங்க அனுமதி. வந்து சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஐ-589 படிவத்தில் மனு செய்ய வேண்டும். சூழல் மாற்றம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. மனு நிலுவையில் 180 நாட்கள் கடக்கும் முன் வேலை அனுமதி கிடையாது. நேர்காணலுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீங்களே அழைத்துச் செல்ல வேண்டும். தங்கும் காலம் முடிந்த நிலையில் அதிகாரி மனுவை ஏற்காவிட்டால், அது வெளியேற்ற வழக்காகக் குடியேற்ற நீதிமன்றத்துக்குப் போகும். தெரிந்தே பொய்யான மனு கொடுத்ததாகத் தீர்ப்பானால் அமெரிக்கக் குடியேற்றச் சலுகைகள் நிரந்தரமாக மறுக்கப்படும்.

கனடா: மனுவைக் குடியேற்ற, அகதிகள் வாரியம் விசாரிக்கிறது. அகதி கோருபவரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அவரை நேரில் அழைத்து விசாரிக்க வேண்டும் என்ற உரிமையை 1985 ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கியது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் இந்தியச் சீக்கியர்களும் உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் ஏற்கெனவே மனு செய்தவரின் கோரிக்கை அங்கே வாரியத்துக்கே அனுப்பப்படாது. மேலும், 2020 ஜூன் 24க்குப் பிறகு முதன்முறை கனடாவுக்குள் வந்து ஓராண்டு கழித்து மனு செய்பவரை வாரிய விசாரணையிலிருந்து விலக்கும் மசோதாவை 2025 ஜூனில் அரசு கொண்டுவந்தது. முன்பே ஒருமுறை போய் வந்த பெற்றோரை இது நேரடியாகப் பாதிக்கும். இன்றைய நிலையை வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

பிரிட்டன்: விசிட் விசாவில் 6 மாதம் தங்கலாம். அடைக்கலம் கேட்பதாக இருந்தால் உடனே கேட்க வேண்டும். தாமதம் நம்பகத்தன்மையைக் குறைக்கும். மனு நிலுவையில் முதல் 12 மாதங்கள் வேலை செய்ய முடியாது. பிறகும் கட்டுப்பாடுகள் உண்டு. இந்தியாவைப் "பாதுகாப்பான நாடுகள்" பட்டியலில் சேர்ப்பதாக 2023 நவம்பரில் அரசு அறிவித்தது. 2025 ஜூன் வரையான ஓராண்டில் மாணவர் விசாவில் வந்தவர்களிடமிருந்து மட்டும் சுமார் 14,800 அடைக்கல மனுக்கள் வந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில், தகுதியற்ற மனுக்கள் விரைவாக நிராகரிக்கப்படும் என்று உள்துறை மாணவர்களுக்கே நேரடியாகச் செய்தி அனுப்பியது.

ஐரோப்பிய ஒன்றியம்: 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்த பாதுகாப்பான நாடுகள் பட்டியலிலும் இந்தியா இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டவரின் மனு விரைவு முறையில் விசாரிக்கப்படும். கதவு மூடப்படவில்லை, ஆனால் நிரூபிக்கும் சுமை கூடுகிறது.

மனு செய்த பிறகு ஊர்?

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. "இந்தியாவுக்குப் போனால் ஆபத்து" என்று சத்தியம் செய்த பிறகு இந்தியாவுக்கு வந்துபோக முடியாது. வந்தால், சொன்னது பொய் என்று ஆகிவிடும். அந்தஸ்து கிடைத்த பிறகும் இதே நிலைதான். கனடாவில் 2012இல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, சொந்த நாட்டு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து ஊர் போய்வந்தால் நிரந்தரக் குடியுரிமையையே இழக்க நேரிடலாம்.

அப்படியென்றால் ஊரில் இருக்கும் மூத்த மகளின் நிக்காஹ்? படுக்கையில் இருக்கும் பாட்டி? ஒரு ஜனாஸா? வீட்டுப் பத்திரம், நில விவகாரம்? 55, 60 வயதில் இவற்றையெல்லாம் செல்போன் திரையில் பார்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியுமா என்று கணவனும் மனைவியும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். மனு நிராகரிக்கப்பட்டுத் திரும்பினால், மறுபடி அந்த நாட்டு விசா கிடைப்பது மிகக் கடினம். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் வழியும் அத்தோடு அடைபடலாம்.

ஹபஷாவில் சொன்ன உண்மை

அடைக்கலம் நமக்குப் புதிய செய்தி அல்ல. மக்காவின் கொடுமை தாளாமல் முதல் முஸ்லிம்கள் ஹபஷாவில் நஜ்ஜாஷி மன்னரிடம் அடைக்கலம் புகுந்தார்கள். குறைஷிகள் தூதர்களை அனுப்பி அவர்களைத் திருப்பிக் கேட்டார்கள். ஈஸா (அலை) பற்றி மன்னர் கேட்டபோது, பதில் கிறிஸ்தவ மன்னருக்குப் பிடிக்காமல் போகலாம் என்று தெரிந்தும் ஜஅஃபர் (ரலி) தாம் நம்பியதை மறைக்காமல் சொன்னார்கள். அந்த உண்மையே அவர்களைக் காத்தது. ஏஜெண்டு எழுதிக் கொடுத்த கதையை மனப்பாடம் செய்து, இல்லாத தாக்குதலைச் சத்தியம் செய்து சொல்வது பொய்ச்சாட்சி. உண்மையில் பாதிக்கப்பட்டு வரும் அடுத்த சகோதரரின் மனுவையும் அது சந்தேகத்துக்குள்ளாக்குகிறது.

அச்சம் இல்லை, சேர்ந்திருக்கத்தான் ஆசை என்றால்

- தங்கும் காலம் முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் ஐ-539 படிவம், கனடாவில் வருகையாளர் பதிவு.
- பிள்ளை கனடாவில் நிரந்தரக் குடியுரிமையோ குடியுரிமையோ பெற்றால், பெற்றோருக்கு சூப்பர் விசா உண்டு. ஒருமுறை போனால் 5 ஆண்டு வரை தங்கலாம். மருத்துவக் காப்பீடும் பிள்ளைக்குப் போதிய வருமானமும் தேவை. மாணவராக இருக்கும்வரை இது கிடைக்காது.
- அமெரிக்கக் குடியுரிமை பெற்ற, 21 வயது நிறைந்த பிள்ளை பெற்றோருக்கு கிரீன் கார்டு கோரலாம். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் கோர முடியாது.
- இவை எதுவும் இல்லையென்றால், ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பிய பதிவே அடுத்த விசாவுக்கு உங்கள் சிறந்த சான்று.

உண்மையான ஆபத்து இருக்கிறது என்றால்

- நாட்களைக் கடத்தாதீர்கள். போய்ச் சேர்ந்த தேதியைக் குறித்துவைத்து, முதல் மாதத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள்.
- முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்று, மிரட்டல் செய்திகள், பத்திரிகைச் செய்திகள் ஆகியவற்றின் நகல்களைத் தேதி வாரியாகச் சேருங்கள். தமிழ் ஆவணங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு தேவை.
- விசா விண்ணப்பத்தில் முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் ஒப்பிடப்படும். முரண் இருந்தால் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
- உரிமம் உள்ளவரிடம் மட்டும் போங்கள். கனடாவில் வழக்கறிஞர் அல்லது பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகர், அமெரிக்காவில் வழக்கறிஞர் அல்லது நீதித்துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி. ஒன்டாரியோவிலும் பிரிட்டனிலும் வசதியற்றவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.
- படிக்காத, புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மனுவில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நீங்களே பொறுப்பு.
- பாஸ்போர்ட்டின் அசல் பக்கங்களை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனு செய்யும்போது சில நாடுகளில் அசலை வாங்கிவைத்துக்கொள்வார்கள்.

பிள்ளையின் படிப்புக்காக எல்லாவற்றையும் அடகு வைத்த பெற்றோர், யாரோ விருந்தில் சொன்ன ஒரு வார்த்தைக்காகச் சொந்த ஊரை அடகு வைத்துவிடக் கூடாது. உயிருக்கு அஞ்சி நிற்பவரும் வெட்கத்தால் வாய்மூடி இருந்துவிடக் கூடாது. உங்கள் நிலை எது என்பதை நீங்களே அறிவீர்கள். அதை உண்மையாகச் சொல்லி, தகுதியானவரிடம் ஆலோசனை கேட்டு முடிவெடுங்கள். வல்ல இறைவன் நம் குடும்பங்களை எங்கிருந்தாலும் பாதுகாப்பானாக.