விளக்கெண்ணெயில் பறந்த விமானம்

'ஹை மைலேஜ் ஆயில்' என்று ஒரு டப்பாவில் எழுதியிருந்தால் நாம் என்ன நினைப்போம்? லிட்டருக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர் கூடுதலாக ஓடும் என்றுதானே! களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை, 'மைலேஜ் எவ்வளவு தரும்?' என்று கேட்காமல் யாராவது வண்டி வாங்குகிறோமா?

ஆனால், அமெரிக்கர்கள் சொல்கிற ஹை மைலேஜ் வேறு. நிறைய மைல் ஓடிக் களைத்துப்போன வண்டி என்று அர்த்தம். 75 ஆயிரம் மைல், அதாவது நம் கணக்கில் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிய இன்ஜினுக்கான எண்ணெய். 2000-ம் ஆண்டில் வால்வோலின் கம்பெனி 'மேக்ஸ்லைஃப்' என்ற பெயரில் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். அப்பா வாங்கிய அம்பாசடர் நாகர்கோவில் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. விற்க மனசு வரவில்லை. காலையில் வண்டியை எடுத்தால் தரையில் கறுப்பாக நாலு சொட்டு. இந்த ஆயிலை ஊற்றிப் பார்க்கலாமா, இல்லை இன்ஜினை இறக்கியே ஆகணுமா? ரெண்டுக்கும் ஆகிற செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தப்பாக முடிவெடுத்தால் பணமும் போகும், இன்ஜினும் போகும்.

பதில் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மாட்டுவண்டி காலத்துக்கு!

நாஞ்சில் நாட்டு வயலிலிருந்து நெல் ஏற்றி வந்த வண்டிகளுக்கு அச்சில் 'வண்டி மை' போடுவார்கள். வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மசகு. பட்டிக்காட்டு வைத்தியம் என்று சிரிக்காதீர்கள். 1899-ல் லண்டனில் எண்ணெய்க் கம்பெனி ஆரம்பித்த சார்லஸ் வேக்ஃபீல்டும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தார். மோட்டார் இன்ஜினுக்கான எண்ணெயில் 1909-ல் அவர் கலந்தது அதே ஆமணக்கெண்ணெயை. இங்கிலீஷில் ஆமணக்குக்கு 'காஸ்டர்'. அதிலிருந்து வந்த பெயர்தான் 'காஸ்ட்ரால்'!

முதல் உலகப்போரில் இது விமானமே ஏறியது. 'சாப்வித் கேமல்' போன்ற விமானங்களில் சிலிண்டர்கள் எல்லாம் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றுகிற விசித்திரமான இன்ஜின். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் அதற்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். உள்ளே போன எண்ணெய் புகையோடு வெளியே வந்து பைலட்டின் முகத்தில் அடிக்கும். பாட்டி மாசத்துக்கு ஒருமுறை நமக்கு எதற்காக விளக்கெண்ணெய் கொடுத்தாள் என்பது நினைவிருந்தால், அந்தப் பைலட்டுகளின் அவஸ்தையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

விளக்கெண்ணெய்க்கு ஒரு கெட்ட குணம். சூடு ஏற ஏறக் கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த ஆயில் மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. அழுக்கைக் கரைக்க ஒரு மருந்து, தேய்மானத்தைத் தடுக்க ஒரு மருந்து என்று அதில் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள்.

இங்கேதான் ரப்பர் வருகிறது. குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் போனால் மலை முழுக்க ரப்பர் மரம். அந்தப் பாலில் செய்த ரப்பரை இன்ஜின் ஆயிலில் போட்டுப் பாருங்கள், உப்பி நொளநொளத்துப் போகும். அதனால் இன்ஜினுக்குள் இருக்கும் சீல்களுக்கு அது ஆகாது. 1930-களில் ஜெர்மனியில் கண்டுபிடித்த 'நைட்ரைல்' என்ற செயற்கை ரப்பர்தான் எண்ணெயைத் தாங்கியது. ஆனால், அதுவும் வருஷக்கணக்கில் சூடு பட்டால் இறுகிச் சுருங்கி, எண்ணெயைக் கசியவிடும். ஹை மைலேஜ் ஆயிலில் இருக்கிற விசேஷ மருந்து இந்தச் சீலைக் கொஞ்சம் ஊறவைத்து, லேசாக உப்பவைக்கிறது. நம்ம ஊர் ரப்பருக்கு எது குறையோ, அதையே அளவாகக் கொடுத்து வைத்தியம் பார்க்கிறார்கள்!

சரி, அம்பாசடருக்கு இது சரிப்படுமா? அது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் மூன்றின் இந்தியப் பிள்ளை. 1959 வாக்கில் அதில் வந்து உட்கார்ந்த 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பி.எம்.சி. கம்பெனியின் 'பி சீரிஸ்' வகை. அதன் மூல வடிவத்தில் க்ராங்க் ஷாஃப்டின் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது! ஷாஃப்டிலேயே திருகாணி மரை மாதிரி ஒரு சுருள் வெட்டியிருப்பார்கள். அது சுற்றும்போது எண்ணெயை உள்ளே தள்ளும். வண்டியை நிறுத்திவிட்டால் தள்ள ஆளில்லை. பேரிங் தேயத் தேய இடைவெளி கூடும், சொட்டும் கூடும். இல்லாத ரப்பரை எந்த ஆயில் உப்பவைக்கும்? இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் சொட்டுகிறதென்றால் அந்த டப்பாவுக்குச் செலவு செய்யாதீர்கள். டாப்பெட் கவர் ஓரம் கசிந்தால் அங்கே ஒரு புது கேஸ்கெட் போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஹை மைலேஜ் டப்பாக்களில் பல 5டபிள்யூ-30 போன்ற நீர்த்த ரகங்கள். அந்த 'டபிள்யூ' குளிர்காலத்துக்கு. நாகர்கோவிலில் ஏது குளிர்காலம்? பழைய இன்ஜினுக்கு 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான எண்ணெய்தான் பழக்கம். போதாக்குறைக்கு, புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெடக் கூடாது என்பதற்காக, புதுக் கார்களுக்கான நீர்த்த ரகங்களில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்தைக் குறைத்துவிட்டார்கள். கேம் ஷாஃப்டும் டாப்பெட்டும் உரசித் தேயாமல் காப்பது அந்த மருந்துதான்.

அதே அம்பாசடரில் 1992-ல் வந்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜினோ, ஒரு மாருதி 800-ஓ வைத்திருந்தால் கதை வேறு. இவற்றில் ரப்பர் சீல் இருக்கிறது. கசிவு கொஞ்சமாக இருந்து, கம்பெனி சொன்ன கெட்டித்தன்மையிலேயே ஹை மைலேஜ் ஆயில் கிடைத்தால் தாராளமாக ஊற்றிப் பார்க்கலாம். ராத்திரி வண்டியை நிறுத்தும் இடத்தில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் சொட்டை எண்ணினால் தெரிந்துவிடும்.

சீல் கிழிந்திருந்தால் எண்ணெய் தைக்காது. ஆரல்வாய்மொழி ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் அது பிஸ்டன் ரிங் வேலை. ஆயில் விளக்கு ஓடும்போதே எரிந்தாலோ, அடியில் 'டக் டக்' சத்தம் கேட்டாலோ ஆயில் கடைக்கே போகாதீர்கள். வண்டியை அங்கேயே நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். "என்னத்த ஊத்தினாலும் தேஞ்ச இரும்பு வளருமா அண்ணாச்சி?" என்பார் அவர்.