லுஷ்னிக்கியின் முதலாம் படிக்கட்டு

1982 ஆம் ஆண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதி மொஸ்கோவின் மாலைப் பத்திரிகையான 'வெச்செர்னயா மொஸ்க்வா'வில் மிகச் சிறிய செய்தியொன்று வெளியானது. முதல் நாள் லெனின் மத்திய விளையாட்டரங்கில் உதைபந்தாட்டப் போட்டி முடிந்து இரசிகர்கள் வெளியேறியபோது விபத்து ஒன்று நேர்ந்தது, காயமடைந்தோர் உள்ளனர் என்பதே அதன் சாரம். இறந்தோர் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அன்று இறந்தவர்களின் தொகை 66. அவர்களிற் பெரும்பாலானோர் 20 வயதையும் எட்டாதவர்கள்.

இலங்கையில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டிருந்த 1998 ஆம் ஆண்டுக் காலப்பகுதியில் கொழும்பில் செய்தி மேசையொன்றில் இருந்தவன் நான். தணிக்கைக்குப் போய்த் திரும்பும் பிரதியில் எஞ்சும் இரண்டு மூன்று வரிகளின் உருவம் எனக்கு நன்கு பரிச்சயமானது. ஆகவே, அந்த மொஸ்கோச் செய்தியைப் பற்றி முதன்முதலில் வாசித்தபோது, அதை எழுதியவர் எவ்வளவு அறிந்திருப்பார் என்ற கேள்விதான் என் மனதில் எழுந்தது. அந்த மாலையின் கதையை அறிந்து கொள்ள முற்பட்டதும் அதனாலேயே.

கதை குளிரிலிருந்து தொடங்குகிறது. சோவியத் நாட்டின் உள்ளூர்ப் போட்டிகள் வசந்த காலத்தில் ஆரம்பித்து இலையுதிர் காலத்தில் முடிவடைவது வழக்கம். குளிருக்கு அஞ்சியே அந்த ஏற்பாடு. (ரஷ்யா ஏனைய ஐரோப்பிய நாடுகளின் பருவகால அட்டவணைக்கு மாறியது பிற்காலத்தில், 2011-12 காலப்பகுதியில்தான். அப்போதும் நடுவில் நீண்ட குளிர்கால இடைவேளை ஒன்று வைக்கப்பட்டது.) ஆனால் ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகள் மொஸ்கோவின் காலநிலையைக் கேட்டு நடப்பவை அல்ல. யூஈஎப்ஏ கிண்ணத்தின் முதற் சுற்றில் இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்தை மொஸ்கோவில் 3-2 எனவும் இலண்டனில் 5-2 எனவும் வென்றிருந்த மொஸ்கோ ஸ்பார்ட்டாக், இரண்டாம் சுற்றில் நெதர்லாந்தின் ஹார்லெம் கழகத்தை ஒக்டோபர் 20 ஆம் திகதி மாலை எதிர்கொண்டது.

அந்த ஆண்டு பனி முந்திக்கொண்டது. அன்று மாலை வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ். ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அது என்ன குளிர் என்று நான் விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிப்பவர்களுக்கு எப்படி விளக்கினாலும் விளங்கப் போவதில்லை. தை மாதப் பனியில் காதுக்கு மப்ளர் கட்டுகிற மனிதர்கள் நாங்கள். அன்று அரங்கில் இருந்தவர்கள் பிற்காலத்தில் சொன்ன நினைவுகளில், ஆட்டத்தைவிடக் குளிரே முதலில் வருகிறது. விறைத்த கால்கள், உடலைச் சூடாக்க மறைத்துக் கொண்டுவந்த வொட்கா, இருக்கைகளில் கிடந்த பனியை உருட்டி எறிந்த விளையாட்டு. அந்தப் பனி உருண்டைகளிற் சில பொலிஸார் மீதும் விழுந்தன. இது சின்ன விடயம் போலத் தோன்றும். ஆனால் பின்னர் நடந்தவற்றில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்பவர்கள் இருக்கின்றனர்.

ஸ்பார்ட்டாக் இரசிகர்களுக்கும் அதிகாரத்துக்கும் இடையிலான உறவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மொஸ்கோவின் மற்றொரு பெருங்கழகமான டைனமோ, உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சின் கழகம். ஸ்பார்ட்டாக் எந்தப் படைக்கும் பொலிஸுக்கும் உரியதல்ல. சாதாரண மக்களின் கழகம் என்று அது பெயர் பெற்றதும் அதனால்தான். அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான நிக்கொலாய் ஸ்ரரொஸ்தின், ஸ்டாலின் காலத்தில், 1942 இல், தம் சகோதரர்களுடன் கைதாகி முகாம் வாழ்வை அனுபவித்துத் திரும்பியவர். 1982 இல் கழகத்தின் தலைமை மீண்டும் அவரிடமே இருந்தது. 1970களின் பிற்பகுதியில் சிவப்பு வெள்ளைக் கழுத்துத்துண்டு அணிந்து கூட்டமாகக் கோஷமிடும் இளைஞர்கள் ஸ்பார்ட்டாக்கின் மாடங்களிற் பெருகினர். அரசு ஒழுங்கு செய்யாத எந்தக் கூட்டத்தையும் சந்தேகத்துடன் நோக்கிய ஓர் ஆட்சிக்கு இந்தப் பையன்களும் சந்தேகத்துக்குரியவர்களே.

1980 ஒலிம்பிக்கின் பிரதான அரங்கான லுஷ்னிக்கியில் 80,000 பேருக்கு மேல் இருக்கலாம். அன்றைய குளிரில் வந்தவர்கள் ஏறத்தாழ 16,500 பேர். எனவே நான்கு மாடங்களில் மேற்கு, கிழக்கு ஆகிய இரண்டில் மட்டும் பனியை அகற்றித் திறந்துவிட்டனர். மெட்ரோ நிலையத்துக்குக் கிட்டியது என்பதால் பெருந்தொகையானோர் கிழக்கு மாடத்தையே நாடினர். அந்த மாடத்திலிருந்து கீழிறங்க இரண்டு படிக்கட்டுகள். அவற்றுள் மெட்ரோவின் பக்கம் இருந்தது முதலாம் படிக்கட்டு.

16 ஆவது நிமிடத்தில் எட்கார் கெஸ் ஒரு கோலை அடித்தார். அதன் பின் ஆட்டம் மந்தமாக நகர்ந்தது. வெற்றி உறுதி, கால் விறைக்கிறது, தாமதித்தால் மெட்ரோவில் நெரிசல். முடிவுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போதே இரசிகர்கள் எழுந்து படிக்கட்டை நோக்கி நடந்தனர். உலகின் எந்த மைதானத்திலும் நடப்பதுதான் இது. மிதிபட்ட பனி அந்தக் கொங்கிறீட் படிகளில் வழுக்கும் தகடாகியிருந்தது. கீழே யாரோ விழுந்தார். ஓர் இளம் பெண் என்றும், கழன்ற காலணியைத் தேடிக் குனிந்தவர் என்றும் சொல்வர். அவரைத் தூக்கச் சிலர் நின்றனர். மேலிருந்து வந்தவர்களுக்குக் கீழே நடப்பது தெரியவில்லை. தடித்த குளிர் அங்கிகளுடன் நெருங்கி வந்த கூட்டத்தில் கையை உயர்த்தவும் இடமில்லை. பாரம் தாங்காமல் இரும்புக் கைப்பிடிகள் வளைந்தன. சிலர் அவற்றின் மேலாகக் கீழே விழுந்தனர். இறந்தவர்கள் மார்பு அழுத்தப்பட்டு மூச்சடைத்தே இறந்தார்கள். காயமடைந்தோர் 61 பேர்.

ஆட்டத்தின் கடைசிக் கணங்களில் செர்கேய் ஷ்வெத்சொவ் இரண்டாவது கோலை அடித்தார். ஆரவாரத்தைக் கேட்டுப் படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி ஏறினர், ஏறியவர்களும் இறங்கியவர்களும் மோதினர் என்பதுதான் உலகம் நெடுங்காலம் நம்பிய கதை. அந்தக் கோலை அடிக்காதிருந்திருக்கலாமே என்று ஷ்வெத்சொவ் பிற்காலத்தில் வருந்தியதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. ஆனால் படிக்கட்டில் இருந்து தப்பியவர்கள் பலர் இதை ஏற்பதில்லை. அந்த நெரிசலில் தலையைத் திருப்புவதே இயலாத காரியம், எவர் திரும்பி ஏறியிருப்பார் என்பது அவர்களது கேள்வி. பொலிஸார் ஏனைய வழிகளை அடைத்து, பனி உருண்டை எறிந்தவர்களைப் பிடிப்பதற்காக எல்லோரையும் ஒரே வழியால் செலுத்தினர் என்று சிலர் சாட்சியம் சொல்கின்றனர். அதிகாரிகள் தரப்பு அதை மறுத்தது. இதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

இந்த இடத்தில் வாசகர்களை வேறொரு நகரத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஏனெனில் இதே கதை பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்கொட்லாந்தில் நிகழ்ந்திருந்தது.

1971 ஜனவரி 2 ஆம் திகதி கிளாஸ்கோவின் ஐப்ரொக்ஸ் மைதானத்தில் றேஞ்சர்ஸும் செல்டிக்கும் மோதின. 80,000 பேர் வரை கூடிய குளிர்காலப் பிற்பகல். 89 ஆவது நிமிடத்தில் செல்டிக் முந்தியது. கடைசிக் கணத்தில் கொலின் ஸ்டைன் றேஞ்சர்ஸுக்காகச் சமன் செய்தார். மைதானத்தின் 13 ஆம் இலக்கப் படிக்கட்டில் இறங்கியவர்கள் நெரிந்து இறந்தனர். அங்கேயும் இறந்தோர் தொகை 66. அங்கேயும், ஸ்டைனின் கோலைக் கேட்டுத் திரும்பி ஓடியவர்களால்தான் விபத்து நேர்ந்தது என்ற கதை பரவியது. விசாரணையில் அது பொய்யானது. நெரிசல் ஆட்டம் முடிந்து சில நிமிடங்களின் பின்னரே ஏற்பட்டது. எல்லோரும் ஒரே திசையிலேயே சென்றுகொண்டிருந்தனர்.

பார்வையாளர்களின் மேல் பழி போடுவதற்கு இந்தக் 'கடைசி நிமிடக் கோல்' எவ்வளவு வசதியானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். படிக்கட்டின் மீது குற்றமில்லை, கதவின் மீது குற்றமில்லை. குற்றமெல்லாம் இரசிகனின் ஆர்வத்தின் மீது.

இரண்டு நகரங்களிலும் முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஐப்ரொக்ஸின் அதே படிக்கட்டில் 1961 இல் இருவர் இறந்தனர். 1967 இலும் 1969 இலும் பலர் காயமடைந்தனர். மொஸ்கோவில் 1975 மார்ச் 10 ஆம் திகதி, சொக்கொல்னிக்கி உள்ளரங்கில் கனடிய இளைஞர் அணியொன்றுடன் நடந்த ஐஸ் ஹொக்கிப் போட்டியின் முடிவில், வந்த வெளிநாட்டவர் வீசிய சுவிங்கத்துக்காகச் சிறுவர்கள் முண்டியடித்தபோது, இருண்ட படிகளிலும் பூட்டிய வாயிலிலும் சிக்கி 21 பேர் மாண்டனர். சோவியத் பத்திரிகைகள் அதை எழுதவில்லை. எழுதியிருந்தால், ஏழு ஆண்டுகளின் பின் லுஷ்னிக்கியின் படிகளைப் பார்த்த யாராவது ஒருவருக்கு அந்த நினைவு வந்திருக்கக்கூடும்.

கிளாஸ்கோ விபத்து மறுநாளே உலகச் செய்தியானது. பகிரங்க விசாரணை நடந்தது. கணவனை இழந்த பெண்ணொருவர் தொடுத்த நட்டஈட்டு வழக்கில், தவறு கழகத்தினுடையதே என்று நீதிமன்றம் 1974 இல் தீர்ப்பளித்தது. 1975 இல் விளையாட்டு மைதானங்களின் பாதுகாப்புக்கான சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறியது. ஐப்ரொக்ஸ் மைதானமும் திருத்திக் கட்டப்பட்டது. மொஸ்கோவில் 1983 பெப்ரவரியில் வழக்கு நடந்தது. அரங்கில் பணிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த பொறுப்பாளர் ஒருவருக்கு ஒன்றரை ஆண்டுத் திருத்த வேலைத் தண்டனை கிடைத்தது. பத்திரிகைகளுக்கு அதுவும் செய்தியாகவில்லை. நவம்பர் 3 ஆம் திகதி ஹார்லெமில் நடந்த இரண்டாவது ஆட்டத்தை ஸ்பார்ட்டாக் 3-1 என வென்றபோது, மொஸ்கோவில் தாங்கள் ஆடிய மாலையில் 66 பேர் இறந்ததை நெதர்லாந்து வீரர்கள் அறிந்திருக்கவில்லை. 

மௌனம் உடைந்தது 1989 ஜூலை 8 ஆம் திகதி. கொர்பச்சேவின் காலத்தில், 'சொவியத்ஸ்கி ஸ்போர்ட்' பத்திரிகை ஏழு ஆண்டு இரகசியத்தை வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் பெரும் அனர்த்தம் நிகழ்ந்திருந்தது. (இரசிகர்கள் மீது பழி போடும் வழக்கம் சுதந்திரப் பத்திரிகை உள்ள நாட்டிலும் உண்டு என்பதற்கு ஹில்ஸ்பரோவே சாட்சி. அங்கே மாண்டவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்று மரண விசாரணை மன்றம் சொல்வதற்கு 2016 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.)

'சொவியத்ஸ்கி ஸ்போர்ட்' செய்தது துணிச்சலான பணி. ஆனால் இறந்தோர் தொகை 340 என்று அது எழுதியது. பெற்றோர்களிடையே உலவிய கணக்கு அது. சில நாட்களிலேயே விசாரணையில் ஈடுபட்டவர்கள் 66 என்ற உத்தியோகபூர்வத் தொகையைப் பெயர்களோடு உறுதிப்படுத்தினர். ஆயினும் 340 என்ற இலக்கம் உலகப் பத்திரிகைகளில் ஏறிவிட்டது. உண்மையான தொகையைச் சொன்னபோது பலர் அதை நம்ப மறுத்தனர். அந்தப் பத்திரிகையாளர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஏழு ஆண்டுகள் மறைத்தவன் எட்டாவது ஆண்டில் உண்மை சொன்னால் யார் நம்புவார்? ஆனாலும் எங்கள் தொழிலில் தொகை என்பது புனிதமானது. 340 என்று எழுதியதால் 66 என்பது சிறிய இலக்கமாகிவிட்டது என்பதே என் மனக்குறை. ஒரு படிக்கட்டில் அறுபத்தாறு பேர் என்பது சிறிய இலக்கமா?

1992 இல் கிழக்கு மாடத்துக்கு வெளியே நினைவுச்சின்னம் ஒன்று எழுந்தது. இறந்தவர்களைப் பிள்ளைகள் என்றே அதன் வாசகம் குறிப்பிடுகிறது. 2007 ஒக்டோபர் 20 ஆம் திகதி, இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவில், ஸ்பார்ட்டாக்கினதும் ஹார்லெமினதும் முன்னாள் வீரர்கள் அதே அரங்கில் நினைவு ஆட்டமொன்றை ஆடினர். 1982 இல் மைதானத்தில் நின்றவர்கள் சிலர் நரைத்த தலையோடு வந்திருந்தனர். 2010 ஜனவரியில் ஹார்லெம் கழகம் கடனில் மூழ்கி வங்குரோத்தானது. 2018 உலகக் கிண்ணத்துக்காக லுஷ்னிக்கியின் உட்பகுதி முழுவதும் இடித்துக் கட்டப்பட்டு, பழைய வெளிச்சுவர் மட்டும் காக்கப்பட்டது. பிரான்சும் குரோஷியாவும் மோதிய இறுதி ஆட்டத்துக்கு 78,000 பேர் வந்தனர். அது ஜூலை மாதம்.

முதலாம் படிக்கட்டு இப்போது இல்லை. நினைவுச்சின்னம் இருக்கிறது. ஒக்டோபர் 20 ஆம் திகதிகளில் சிவப்பு வெள்ளைக் கழுத்துத்துண்டுகளும் பூக்களும் அதன் அடியில் வைக்கப்படுகின்றன. சில ஆண்டுகளில் அவற்றின் மேல் பனியும் விழுகிறது.